மத்தியானத்து வீடு

ஏலே தம்பி,

போன வாரம் போனில் நீ சொன்ன சேதியைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரே சந்தேகமாக இருக்கிறது. வைகாசியில் கல்யாணம் முடிந்ததும் சென்னையைக் காலி பண்ணிவிட்டு நம்ம ஊருக்கே வந்துவிடப் போவதாகவும், நீயும் அந்தப் பிள்ளையும் இங்கிருந்தே ரயிலில் திருநெல்வேலிக்கு வேலைக்குப் போய்வரப் போவதாகவும் சொன்னாய். ஊர் அமைதி, ஆத்துத் தண்ணி, நல்ல காத்து என்று மூணு காரணம் அடுக்கினாய். ஒரு ஆள் ஒரு காரியத்துக்கு ஒரு காரணம் சொன்னால் நம்பலாம். மூணு சொன்னால் பையைத் திறந்து பார்க்கணும். வாடகை கொடுத்து மாளவில்லையா, அந்தப் பிள்ளைக்குச் சென்னை பிடிக்கவில்லையா, இல்லை உங்க அம்மா ரகசியமாக ஏதாவது சொல்லி வரவழைக்கிறாளா? போனிலேயே கேட்டிருப்பேன். ஆனால் நான் போனை எடுத்தால் உங்க அம்மா அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நிற்கிறாள். அதனால்தான் இந்தக் கடிதம். பத்தாவதில் ஒரு தடவை தவறி மறு தடவை கரையேறினவன் எழுதுவது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். அந்தப் பிள்ளையும் இதைப் படிக்கட்டும். இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால் மாமனார் எப்பேர்ப்பட்ட ஆள் என்று தெரிந்துகொள்வது நல்லது.

நான் என்ன வேலை பார்த்தேன் என்று அவளிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறாயோ தெரியாது. ஜவுளிக்கடையில் சூப்பர்வைசர் என்று சொல்லியிருப்பாய். அதெல்லாம் இல்லம்மா. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்தில் ஒரு பெரிய கடையில், வெளியே போகிற வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். துணி எடுத்துவிட்டு வருகிறவர்களை நிறுத்தி, பையை வாங்கி, பில்லோடு ஒத்துப் பார்த்து, பில்லில் ஒரு ஓட்டை போட்டுத் திருப்பிக் கொடுக்கிற வேலை. முப்பத்திரண்டு வருஷம். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கினவன் நான். அத்தனை வருஷத்தில் நிஜமாகவே திருடிப் பிடிபட்டவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். மீதியெல்லாம் பேக்கிங் செய்கிற பிள்ளைகள் ஒரு ஜாக்கெட் துணியைக் கூட வைத்திருப்பார்கள், இல்லை குறைத்து வைத்திருப்பார்கள். இருந்தாலும் கல்யாணப் பட்டு எடுத்துச் சந்தோஷமாக வருகிற குடும்பத்தைப் பார்த்தால் எனக்கு முதலில் கண்ணில் படுவது அவர்கள் முகம் இல்லை, பையின் கனம். கை தன்னால் நீளும். கடைசியில் என் கை என்னைக் கேட்காமலே நீள ஆரம்பித்துவிட்டது. அதைத்தான் உன்னிடம் சொல்ல வருகிறேன்.

நம்ம ஊர் எப்படிப்பட்ட ஊர் என்று உனக்குத் தெரியும், அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. காலையில் திருச்செந்தூரிலிருந்து வருகிற வண்டி நம்ம ஸ்டேஷனில் ஒரு நிமிஷம் நிற்கும். அந்த ஒரு நிமிஷத்தில் ஊரில் சம்பாதிக்கிற ஆளெல்லாம் ஏறிவிடுவான். ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதில் நான் பேர் போனவன். என் துண்டு விழுந்த இடத்தில் இன்னொருத்தன் உட்கார மாட்டான். ஒரு நாள் ஒருத்தன் வரவில்லை என்றால் அன்றைக்குப் பெட்டி முழுக்க அவனைப் பற்றித்தான் பேச்சு. உடம்புக்கு முடியலையோ என்று ஒருத்தர் ஆரம்பித்தால், செய்துங்கநல்லூர் வருவதற்குள் அவனைக் கடையிலிருந்து நீக்கியிருப்போம், பாளையங்கோட்டை வருவதற்குள் அவன் மனைவியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பியிருப்போம். இதில் முக்கால் பங்கு என் கைங்கரியம். ஊருக்கு வெளியே வயலெல்லாம் பிளாட் ஆகி, கூடங்குளத்தில் வேலை பார்க்கிறவர்கள் நாலைந்து பேர் வீடு கட்டி வந்தபோது, அவர்கள் ஏன் இவ்வளவு தூரம் தள்ளி வந்து வீடு கட்டுகிறார்கள் என்று ஒரு மாசம் விசாரித்தேன். ஒருத்தர் என்னிடமே வந்து, "அண்ணாச்சி, ஒமக்கு என்ன தெரியணும், நேரா கேளும்வே" என்றார். நேராகக் கேட்கத்தான் எனக்கு ஒன்றும் இல்லை.

வீட்டுக் காவலும் அப்படித்தான். வாசலுக்குக் கம்பிக் கதவு போட்டது, பின்கட்டுக்கு ரெட்டைத் தாழ்ப்பாள் வைத்தது, ஸ்டேஷனுக்குப் போகிற பாதி வழியில் திரும்பி வந்து, "பகல்ல யார் வந்தாலும் திறக்காதே, கம்பிக் கதவைப் பூட்டிக்கோ" என்று உங்க அம்மாவிடம் சொல்லிவிட்டு மறுபடி ஓடுவது, எல்லாம் நீ பார்த்ததுதான். அவள் சரி சரி என்பாள். ரயிலில் நான் பெருமையாகச் சொல்வேன், நம்ம வீட்டுக்குள்ளே நமக்குத் தெரியாமல் ஒரு எறும்பு நுழையாது என்று. உண்மை என்னவென்றால், நான் அந்த வீட்டில் ராத்தங்க வந்துபோன ஆள். எனக்குத் தெரிந்த ஊர் காலை ஏழு மணிக்கு முன்னாலும் சாயங்காலம் ஏழு மணிக்குப் பின்னாலும் இருக்கிற ஊர். நடுவில் இருக்கிற ஊரை எனக்குத் தெரியாது. ஆவணியில் வேலையிலிருந்து நின்ற மறு நாள், பதினோரு மணிக்குப் பால் சொசைட்டி பக்கம் போனேன். அங்கன இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஊருக்குப் புதுசா அண்ணாச்சி?" என்று கேட்டார். வந்த கோபத்தில் என் தாத்தா பேரிலிருந்து ஆரம்பித்தேன். அவருக்கு உங்க அம்மா பேரைச் சொன்ன பிறகுதான் விளங்கியது.

வேலையிலிருந்து நின்று ஒரு வாரம் கூட ஆகவில்லை, ஒரு விஷயம் கவனித்தேன். தினமும் மத்தியானம் பன்னிரண்டே காலுக்கு உங்க அம்மாவுக்கு ஏதாவது ஒரு சாமான் உடனே வேண்டியிருக்கிறது. ஒரு நாள் கறிவேப்பிலை. ஒரு நாள் தையல் மிஷினுக்கு எண்ணெய். ஒரு நாள் கரண்டு பில் கட்டணும், கட்டிவிட்டு வந்தால் அது போன வாரமே கட்டியது. எனக்குப் பதினொன்றரைக்கே சோறு போட்டு, சாப்பிட்ட கை காய்வதற்குள் பையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவாள். "வெயில் தாழப் போறேனே" என்றால், "இப்பவே போயிட்டு வாங்க, பைய வந்தாப் போதும்" என்பாள். கட்டினவன் மெதுவாக வந்தால் போதும் என்று ஒரு மனைவி சொன்னால் என்ன அர்த்தம்? சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் மட்டும் ஒரு சாமானும் தேவைப்படாது. அன்றைக்கு நான் மூணு மணிவரை குறட்டை விட்டாலும் கேட்பாரில்லை.

முப்பத்திரண்டு வருஷ வாசல் காவல்காரனுக்கு இது போதாதா. துப்புத் துலக்க ஆரம்பித்தேன். அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு சின்ன விரிப்பு மடித்து வைத்திருந்தது. பச்சையில் கறுப்புப் பூ. கேட்டதற்கு யாரோ கொடுத்தது என்றாள். துணி விஷயத்தில் என்னை ஏமாற்ற முடியுமா? கையால் தடவினதுமே தெரிந்தது, இது திருநெல்வேலியில் வாங்கின சரக்கு இல்லை, கப்பலேறி வந்தது. குளியலறையில் நாம் போடாத சோப்பு. தட்டு கவிழ்த்து வைக்கிற கூடையில் மத்தியானத்துக்குப் பிறகு நாலு தட்டு ஈரமாக இருக்கும். நான் பதினொன்றரைக்குச் சாப்பிட்டது ஒன்று, அவள் ஒன்று, மீதி ரெண்டு யாருக்கு? ஒரு நாள் மூணு. மீனே ஏறாத நம்ம வீட்டில் மீன் வாசனை அடிக்கிறதா என்று சட்டிக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தேன், சிரிக்காதே. வீட்டு வீடாகச் சாமான் விற்கிற கூட்டத்தில் யாராவது இவளைச் சேர்த்துவிட்டார்களா, ஏதாவது சீட்டுக் கம்பெனிக்காரன் வந்து உட்காருகிறானா என்றெல்லாம் யோசித்தேன். பக்கத்து வீட்டு ஆறுமுகத்திடம் நைசாகக் கேட்டேன். "எனக்கு என்னவே தெரியும்" என்றார். தெரியாத ஆள் அந்தக் குரலில் சொல்ல மாட்டான்.

கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆழ்வார்திருநகரியில் ஒரு கடையில் நல்ல மோர் மிளகாய் கிடைக்கும், வாங்கி வாருங்கள் என்றாள். பஸ் ஏறினேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வாய்க்கால் கரை வழியாக நடந்து பின்பக்கமாக வந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. சொந்த வீட்டுக்கு வேலி ஓரமாகக் குனிந்து வருகிறவனைத் தெருவே பார்த்திருக்கும். வாசலுக்கு வந்தால் கம்பிக் கதவு விரியத் திறந்து கிடக்கிறது. இரண்டு ஜோடி பொம்பளைச் செருப்பு. உள்ளே, என் காற்றாடிக்குக் கீழே, என் பாயில், முன்பின் பார்க்காத ஒரு அம்மாள் முழங்காலுக்கு அடியில் தலையணையை வைத்துக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருக்கிறார். தலையில் இருந்த முக்காடு நழுவிக் கிடக்கிறது. இன்னொரு அம்மாள் சுவரில் சாய்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருக்கிறார். உங்க அம்மா அடுக்களையில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை நான் அதுவரைக்கும் கேட்டதில்லை.

என்னைப் பார்த்ததும் படுத்திருந்தவர் பதறி எழுந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "டீச்சர்ங்க, பள்ளிக்கூடத்து டீச்சர்" என்று மற்றவர் சொன்னார். இரண்டு பேரும் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். நான் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறேன். அப்போதுதான் தம்பி, என் கை நீண்டது. முக்காடு போட்ட டீச்சரின் பையைப் பார்த்து நீண்டது. "பையைக் காட்டுங்க" என்று என் வாய் சொன்னது. அவர் பையைத் திறந்து என் முன்னால் பிடித்தார். டிபன் பாக்ஸ், சாக்பீஸ் டப்பா, மூட்டுவலித் தைலம், பின்னலூசி, அதற்கு அடியில் ஒரு சாவி. நம்ம கம்பிக் கதவுச் சாவி. "இது எங்க வீட்டுச் சாவில்லா" என்றேன். "ஆமாண்ணே" என்று சொல்லி அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். மற்ற டீச்சரும் பின்னாலேயே போனார்.

உங்க அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசிச் சமாளித்திருப்பேன். அவள் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ரெண்டு பேர் நின்னாவ. ஒரு பையைத்தான் கேட்டிய. ஏன்?"

இன்றுவரைக்கும் அதற்குப் பதில் சொல்லவில்லை. பதில் எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும், அவளுக்குத் தெரியாமலா கேட்டாள். மேலப்பாளையத்து முஸ்லிம் ஆட்கள் எத்தனையோ பேர் எங்கள் கடைக்கு வருவார்கள், எல்லாரையும் அண்ணாச்சி, அக்கா என்றுதான் பேசுவேன். எனக்கு அந்த மாதிரி எண்ணமெல்லாம் கிடையாது என்று நெஞ்சில் கையை வைத்துச் சொல்லியிருப்பேன். அந்தக் கை என்ன செய்தது என்று பார்த்தாய் அல்லவா.

மற்றதெல்லாம் உனக்குத் தெரிந்த கதை. எனக்கு மட்டும்தான் புதுசு. நீ ஆறாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் காய்ச்சலில் சுருண்டு விழுந்தாயாம், அந்த முக்காடு போட்ட சுலைகா டீச்சர் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு நம்ம வீட்டுக்கு வந்தாராம். உன்னைக் கிடத்திவிட்டுத் தயங்கித் தயங்கி, "அக்கா, உங்க பாத்ரூமுக்குக் கொஞ்சம் போய்க்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் டீச்சர்மாருக்கு இருந்த கழிப்பறைக்குக் கதவு கிடையாது. காலையில் மேலப்பாளையத்தில் கிளம்பினால் சாயங்காலம் வீடு திரும்பும் வரைக்கும் அந்த அம்மாள் சொட்டுத் தண்ணி குடிக்க மாட்டாராம். அன்றைக்கு ஆரம்பித்தது பதினாறு வருஷம் நடந்திருக்கிறது. மத்தியானம் வருவது, சாப்பிடுவது, அரை மணி நேரம் காலை நீட்டுவது, அந்த விரிப்பைப் போட்டுத் தொழுவது, போவது. உங்க அம்மா ஏரலுக்குத் தன் அம்மாவைப் பார்க்கப் போகிற நாளில் திண்டாடக் கூடாதே என்று ஒரு சாவி. தாள் திருத்திக்கொண்டிருந்தாரே, பாளையங்கோட்டையிலிருந்து வருகிற பத்மா டீச்சர், அவர் அஞ்சு வருஷமாகக் கூட. என் செருப்பு வாசலில் கிடந்தால் அவர்கள் தெருவோடு திரும்பிப் போய்விடுவார்களாம். எனக்கு மஞ்சள் காமாலை வந்து பத்து நாள் கிடந்தபோது, தினமும் காலையில் கீழாநெல்லி அரைத்துத் தந்தாயே, நினைவிருக்கிறதா? எறும்பைக் கூட விசாரிக்கிற நான், அந்தக் கீழாநெல்லியைப் பறித்துக் கொடுத்தது யார் என்று கேட்கவில்லை. உன் கணக்கு மார்க்கைக் காட்டி, பையன் மூளை என் மூளை என்று ரயில் பெட்டி முழுக்கப் பீற்றிக்கொண்டேன். எட்டாம் வகுப்பிலிருந்து மத்தியானம் நம்ம அடுக்களையில் உட்கார வைத்து உனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்று இப்போது தெரிகிறது. மீன் விஷயமும் கேட்டேன். "நம்ம வீட்டுக்கு வாரதுக்காக, பள்ளிக்கூடம் உள்ள நாள்ல அவ மீன் தொட்டதே இல்லை" என்றாள் உங்க அம்மா. அவர் மீன் மேல் உயிரையே வைத்திருக்கிறவராம்.

இன்னொன்று நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒற்றைத் தண்டவாளம், அதனால் காலையில் நான் போகிற வண்டியும் திருநெல்வேலியிலிருந்து வருகிற வண்டியும் ஸ்ரீவைகுண்டத்தில் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நிற்கும். அஞ்சு நிமிஷம், சில நாள் பத்து நிமிஷம். இந்த ஜன்னலிலிருந்து கையை நீட்டினால் அந்த ஜன்னலைத் தொடலாம். அந்த வண்டியில் யார் யார் இருக்கிறார்கள், ஏன் எல்லாரும் போகிற திசைக்கு எதிர்த்திசையில் போகிறார்கள் என்று நானும் என் கூட்டாளிகளும் கம்பி வழியாகப் பார்த்து ஜோசியம் சொல்லிக்கொண்டிருப்போம். சுலைகா டீச்சர் எப்போதும் ஜன்னல் ஓரம்தான் உட்காருவாராம். அப்படியானால் எத்தனை ஆயிரம் தடவை நாங்கள் முகத்துக்கு முகம் பார்த்திருப்போம். நான் வாசல் காக்க ஜங்ஷனுக்குப் போகிறேன். அவர் என் வீட்டுச் சாவியை மடியில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்குப் போகிறார்.

அதற்குப் பிறகு மூணு மாசம் நம்ம வீட்டில் நடந்தது உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பதினொன்றரைக்கு எனக்குச் சோறு போட்டு மூடி வைத்துவிட்டு, உங்க அம்மா ஒரு வயர் கூடையில் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போக ஆரம்பித்தாள். சைக்கிள் ஸ்டாண்டு நிழலில் மூணு பேரும் உட்கார்ந்து சாப்பிடுவார்களாம். அவளுக்கு ஒரு சாமானும் தேவைப்படவில்லை. என்னை எங்கேயும் அனுப்பவில்லை. வீடு முழுக்க எனக்கே எனக்கு. காற்றாடிக்குக் கீழே பாயைப் போட்டுப் படுத்துப் பார்த்தேன், கண் மூடவில்லை. சுலைகா டீச்சருக்கு இன்னும் ஒரு வருஷம்தான் வேலை இருக்கிறது. முழங்கால் இரண்டும் போய்விட்டது. மறுபடியும் தண்ணி குடிப்பதை நிறுத்திவிட்டார் என்று பத்மா டீச்சர் சொன்னதாக உங்க அம்மா ஒரு நாள் சுவரைப் பார்த்துச் சொன்னாள். உன் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தபோது மஞ்சள் தடவி முதல் பத்திரிகையைத் தனியே எடுத்து வைத்தாள். எதற்கு என்று கேட்டேன். "உங்க மகனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவளுக்கு. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கொடுக்கன்னுதான் தெரியல" என்றாள்.

மறு நாள் காலையில் ஸ்டேஷனுக்குப் போனேன். முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, ஏறுவதற்கு இல்லாமல், இறங்குகிறவர்களைப் பார்க்க நின்றேன். டீச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினார். என்னைப் பார்த்ததும் முதலில் பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். வேண்டுமென்று செய்யவில்லை, அவர் கையும் அவரைக் கேட்கவில்லை. வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனதெல்லாம் மறந்துபோனது.

"டீச்சர், நான் தப்பா நெனச்சிட்டேன்" என்றேன்.

"நெனச்சது இருக்கட்டும் அண்ணாச்சி. நெனப்பு யாருக்குத்தான் இல்ல. கை நீட்டினீங்கள்லா, அதான்" என்றார்.

கூட்டம் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்கு வரணும் என்றேன். அவர் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. "கோவத்துல சொல்லல. நீங்க வீட்டுல இருக்கையில நாங்க எப்படிக் காலை நீட்டிப் படுக்க? அக்காவாலயும் முன்ன மாதிரிப் பேச முடியாது. நீங்க ஒண்ணும் கேக்காட்டியும், கேக்குத மாதிரித்தான் இருக்கும்" என்றார். அது நியாயம் என்று எனக்கே பட்டது. அப்படியானால் ஒன்றேமுக்கால் வரைக்கும் நான் வீட்டில் இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எங்கே போவீர்கள் என்று கேட்டார். யோசிக்கவே இல்லை, இங்கன இருப்பேன் என்று சிமெண்ட் பெஞ்சைக் காட்டினேன். வெயிலாக இருக்குமே என்றார். பையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷன் வாசலைப் பார்த்து நடந்தார். சாவியை அவர் கேட்கவில்லை. நானும் நீட்டவில்லை. அதைக் கொடுக்க எனக்கு உரிமை கிடையாது என்று அங்கே நிற்கும்போதுதான் தோன்றியது. வீட்டுக்கு வந்து உங்க அம்மா முன்னால் வைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு நானாகவே கிளம்பி ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன். அந்த நேரத்தில் வண்டி கிடையாது. ஒரு நாயும் நானும்தான். நாலாவது நாள் புதுசாக வந்திருக்கிற ஸ்டேஷன் மாஸ்டர் என் பக்கத்தில் வந்து நின்று, வண்டி எல்லாம் போயாச்சே, யாருக்காக உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று விசாரித்தார். யாருக்காகவும் இல்லை என்றேன். வீடு இல்லையா என்றார். இருக்கிறது, வீட்டில் ஆள் இருக்கிறார்கள், அதனால்தான் இங்கே இருக்கிறேன் என்றேன். உண்மையைச் சொன்னால் எவ்வளவு திருட்டுத்தனமாகக் கேட்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. டிக்கெட் இல்லாமல் பிளாட்பாரத்தில் உட்காரக் கூடாது என்றார். அதனால் அடுத்த ஸ்டேஷனுக்கு ஒரு சீசன் டிக்கெட் எடுத்திருக்கிறேன். "ரிட்டையர் ஆயிட்டிய்யன்னு சொன்னாவ, திரும்பவும் எங்க அண்ணாச்சி வேலை?" என்று கவுண்டரில் இருக்கிற பிள்ளை கேட்டது. இங்கதாம்மா என்றேன். இப்போது ஊரில் என்னைப் பற்றித்தான் பேச்சு. மனைவி விரட்டிவிட்டாளாம், புத்தி பேதலித்துவிட்டதாம். காலை வண்டியில் என் பழைய கூட்டாளிகள் பாளையங்கோட்டை வருவதற்குள் என்னை என்னவெல்லாம் ஆக்கியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா.

இந்தக் கடிதத்தையும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், அஞ்சு நாளாக. உனக்கு அறிவுரை சொல்லணும் என்று ஆரம்பித்தேன், என் வண்டவாளமே பக்கத்தை நிரப்பிவிட்டது. சொல்வதற்கு ஒன்றுதான் இருக்கிறது. நீங்கள் இரண்டு பேரும் இங்கன வந்து இருங்கள், சந்தோஷம். ஆனால் காலையில் ஏறி ராத்திரி இறங்குகிறவன் ஊரில் குடியிருப்பதாக நினைத்துக்கொள்ளாதே. நீ போன பிறகு இந்த ஊருக்கு வேறு ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். மாசத்தில் ஒரு நாளாவது லீவு போட்டு, வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல், ஒரு மத்தியானம் வீட்டில் இரு. அப்புறம், அந்தப் பிள்ளை இப்போது சென்னையில் வேலை பார்க்கிற இடத்தில் மத்தியானம் எங்கன உட்கார்ந்து சாப்பிடுகிறாள், யார் அவளுக்குக் கதவு திறந்துவிடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறாயா? கேட்டுத் தெரிந்துகொள். விசாரிக்கிற மாதிரிக் கேட்காதே. அது உனக்கு என் ரத்தத்தில் வந்திருந்தால், மூளை மட்டும்தான் டீச்சருடையது என்றால், கொஞ்சம் கஷ்டம்தான்.

சரி, டீச்சர் வந்தாரா இல்லையா என்று நீ கேட்பாய். தெரியாது. உங்க அம்மாவிடம் நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வயர் கூடை ஒரு வாரமாக ஆணியில் தொங்குகிறது, அது மட்டும் கண்ணில் பட்டுவிட்டது. அதை வைத்து ஒரு முடிவுக்கு வரக் கூடாது என்று இருக்கிறேன். மூணு பேரும் வேறு யார் வீட்டுக்காவது போக ஆரம்பித்திருக்கலாம், யார் கண்டது. வீட்டுக்குத் திரும்பியதும் தட்டை எண்ணுவதில்லை, குளியலறைத் தரை ஈரமாக இருக்கிறதா என்று பார்ப்பதில்லை, அரிசி டிரம் பக்கம் போவதே இல்லை. பீடியை விட்டபோது கூட எனக்கு இவ்வளவு சிரமமாக இருந்ததில்லை. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் நீ லீவில் வருவாய். நீ அவர்கள் வளர்த்த பிள்ளை, உன்னை யாரும் வெளியே போகச் சொல்ல மாட்டார்கள். மத்தியானம் வீட்டில் நடப்பது எல்லாம் உனக்குத் தெரிந்துவிடும். ஒன்றேமுக்காலுக்கு நான் வந்ததும் கட்டாயம் உன் மூஞ்சியைப் பார்ப்பேன், பார்க்காமல் இருக்க என்னால் முடியாது. நீ ஒன்றையும் காட்டிக்கொள்ளாதே லே. பதினாறு வருஷம் என்னிடம் மறைத்தவன்தானே, இன்னும் கொஞ்ச நாள் மறை.

அப்பா